சாலை போடும்போது கேட்காமல் விட்ட கேள்வி

நாங்குநேரி வழியாப் போற நாலுவழிச் சாலைக்கு இப்போ எண் 44. 2010-ல் எண்களை மாற்றுவதற்கு முன்னால் அது 7. சாலை ஊருக்குள் நுழையாமல் பைபாஸாக விலகிப் போகிறது. லாரிப் புகையும் இரைச்சலும் கடைத்தெருவை விட்டுத் தள்ளிப் போனது லாபம்தான். ஆனா திருநெல்வேலி – நாகர்கோவில் பஸ்கள் பல ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடுகின்றன என்ற புகாரும் கூடவே வந்தது.

இதைப் போக்குவரத்துப் பிரச்சினை என்றுதான் பேசுகிறோம். பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து சுமார் 30 கி.மீ. டயாலிசிஸுக்குப் போகிறவருக்கோ மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகிற கர்ப்பிணிக்கோ, பஸ் எங்கே நிற்கிறது என்பது உடல்நலப் பிரச்சினை. சாலையை வரைபடத்தில் கோடு போடும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டியவர் யார்?

இந்தக் கேள்வி ஏதோ வெளிநாட்டு இறக்குமதி என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். அப்படி இல்லைங்க. வங்காளத்தில் பரவிய காய்ச்சலை ஆராய 1864-ல் ஒரு குழு அமைத்தார்கள். அதில் இருந்த திகம்பர் மித்ரா, மேடாகப் போட்ட சாலைகளும் ரயில் பாதைகளும் தண்ணீர் வடியும் வழியை அடைத்ததுதான் காரணம் என்று வாதிட்டார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் ஆதாரம் கண்டது 1897-ல். அதற்கு 30 வருஷத்துக்கும் மேல் முன்னாடியே ஒருத்தர் சாலையையும் காய்ச்சலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்! பிறகு வங்காளத்தின் பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த சி.ஏ. பென்ட்லி, 1925-ல் மலேரியாவையும் விவசாயத்தையும் பற்றி எழுதிய நூலில் இதே வாதத்தை விரிவாக்கினார். கரைகள் வெள்ளத்தைத் தடுத்ததால் வயலுக்கு வண்டலும் போச்சு, ஊருக்குக் காய்ச்சலும் வந்தது என்பது அவர் கணக்கு.

நம்ம பக்கத்துக்கு இது பொருந்துமா? வங்காளம் ஆற்று வெள்ளத்தின் நிலம், நாங்குநேரி குளங்களின் நிலம். ஆனால் தண்ணீருக்கு இங்கேயும் ஒரு போக்கு உண்டு. மேற்கே மலையிலிருந்து கிழக்கே இறங்கும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். வடக்கு தெற்காகப் போகிற மேடான சாலை அந்த வழிகளைக் குறுக்கே வெட்டுகிறது. அதனால் ஒவ்வொரு சிறுபாலத்தின் அகலமும் பொறியாளரின் கணக்கு மட்டுமல்ல. தண்ணீர் தேங்குமா, குடிநீர்க் கிணறு என்னாகும், கொசு எங்கே பெருகும் என்பதெல்லாம் அதில் இருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அறிக்கையில் இருக்க வேண்டிய அத்தியாயங்களைப் பட்டியலிடுகிறது. உடல்நலத்துக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. 2013 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கி.மீ.க்கு மேல் இருந்து, கூடுதல் நிலத்தின் அகலம் 40 மீட்டரை (பைபாஸ் என்றால் 60 மீட்டரை) தாண்டினால்தான் முன் அனுமதி வேண்டும்.

அதே 2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம் உண்மையிலேயே நல்ல பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டில் பொதுப் போக்குவரத்து, வடிகால், குடிநீர், கால்நடைக்கான தண்ணீர், மருத்துவ வசதி எல்லாம் பார்க்கணும் என்கிறது. நாங்குநேரிக்குத் தேவையான கேள்விகள் அத்தனையும்! ஆனா 1956-ன் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ் எடுக்கிற நிலத்துக்கு அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு. நாங்குநேரி நாலுவழிச் சாலை அந்தச் சட்டத்துக்கு முந்தையது. இனி வரப்போகிற நெடுஞ்சாலைகளுக்கும் இந்த விலக்கு இருக்கு. எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், டெஸ்ட் கேஸ்களை ஒழுங்கா எழுதிவிட்டு முக்கியமான மாட்யூலுக்கு மட்டும் ஓட்டாமல் விட்ட மாதிரி.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 1999-ல் வெளியிட்ட கோத்தன்பர்க் ஆவணம், ஒரு திட்டத்தால் மொத்தத்தில் எவ்வளவு நன்மை என்பதோடு நிற்காமல், அது மக்களிடையே எப்படிப் பங்காகிறது என்றும் பார்க்கச் சொல்கிறது. பைபாஸுக்கு இதைப் போட்டுப் பாருங்க. கன்னியாகுமரிக்குக் காரில் போகிறவருக்கு மிச்சமாவது நேரம். அந்த நேரத்தின் விலையில் ஒரு பங்கை, பைபாஸ் ஓரத்தில் வெயிலில் நிற்கிற நோயாளி கொடுக்கிறார். அது எவ்வளவு என்று எழுத, திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.