ஏடு காத்த சொல்லும் செவி காத்த பண்ணும்

இசைப் புலவர் ஒருவரின் புகழை அவர் இயற்றிய பாடல்களின் சிறப்பே நிலைநாட்டும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. தமிழ்நாட்டு இசை வரலாறு இக்கருத்தை முழுதும் ஒப்புவதில்லை. பாடல் சிறந்ததாயினும், அதனை வாய்வழி வாங்கிப் பாடும் மாணாக்கரும் நாள்தோறும் கேட்டுப் பழகிய மக்களும் இல்லையாயின், அதன் பண் மறைந்துபோகும். அச்சேறிய சொல் மட்டுமே எஞ்சும். இதற்குத் தமிழ் மூவரே சான்றாவர்.

முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் (1711–1779), மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) ஆகிய மூவரும் சீகாழி, தில்லைப் பகுதிகளைச் சார்ந்து வாழ்ந்தவர்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளைக் கொண்ட கீர்த்தனைகளைத் தமிழில் இயற்றியவர்கள். முத்துத்தாண்டவரோ திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு நெடுங்காலம் முற்பட்டவர். எனினும், இம்மூவரின் பாடல்கள் பலவற்றுக்கு அவர்கள் அமைத்த மெட்டு இன்று கிடைக்கவில்லை. பிற்கால வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்தே அவற்றைப் பாட வேண்டியதாயிற்று.

திருவாரூர் மும்மூர்த்திகளுக்குள்ளும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. சியாமா சாத்திரிகள் (1762–1827), தியாகராச சுவாமிகள் (1767–1847), முத்துசாமி தீட்சிதர் (1775–1835) மூவரும் ஒரே ஊரிற் பிறந்தவர்கள். ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். ஆயினும் மக்கள் செவியில் மிகுதியாக நிலைத்தவை தியாகராசரின் கீர்த்தனைகளே. அவற்றின் உருக்கமும் எளிமையும் ஒரு காரணம். மற்றொரு காரணம் அவர்தம் மாணாக்கர் பெருக்கம். வாலாசாபேட்டை, உமையாள்புரம், தில்லைத்தானம் என மூன்று மரபினராக அவர்கள் பிரிந்து, ஊர்தோறும் பாடிப் பரப்பினர். தமிழ்நாட்டில் தெலுங்கு அறியாதவரும் அப்பாடல்களை முணுமுணுக்கும் நிலை இவ்வாறே உண்டாயிற்று.

தீட்சிதர் கீர்த்தனைகளோ ஆழ்ந்த நடையும் வடமொழிச் சொற்செறிவும் உடையவை. குறைந்த குடும்பத்தாரிடமே தங்கியிருந்தன. அம்மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலைச் சுரக்குறிப்புடன் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். நூல் வெளிவந்த அளவில் பாடல்கள் பரவிவிடவில்லை. அவருடைய மகன் அம்பி தீட்சிதர் போன்றோரிடம் நேரிற் கற்ற டி.கே.பட்டம்மாள் (1919–2009) முதலியோர் மேடையிற் பாடிய பின்னரே அவை பலர் செவிக்கும் எட்டின. சுரக்குறிப்புடன் அச்சிட்ட நூலுக்கும் பாடுவோரின் துணை வேண்டியிருந்தது.

தமிழ்ப் பாடலுக்கு வேறொரு வாயில் திறந்தது. அது கதாகாலட்சேபம். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருட்டிண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றினார். அதற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகியபோது, நூலில் இலக்கண வழுக்கள் உள்ளன எனக் கருதிய பிள்ளையவர்கள் காலந்தாழ்த்தினார் என்றும், பின் பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார் என்றும் உ.வே.சாமிநாதையர் வழியே அறிகிறோம். ஏட்டிற் காணும் பாடல் வேறு, செவியிற் கேட்கும் பாடல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

தஞ்சைக் கிருட்டிண பாகவதர் போன்றோரின் காலட்சேபத்தால் நந்தனார் கதை பட்டிதொட்டியெங்கும் பரவியது. பின் நாடக மேடை அதனை ஏற்றது. அதன்பின் திரைப்படம் ஏற்றது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்துப் பாடினர். கச்சேரிக்குச் சென்றறியாத குடும்பங்களும் அப்பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தன.

ஆனால், நகரத்துச் சபைகளின் கச்சேரி முறை வேறாக அமைந்தது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) வகுத்ததாகக் கூறப்படும் ஒழுங்கில் வர்ணம், கீர்த்தனைகள், இராகம்-தானம்-பல்லவி ஆகியவை முன்னிற்க, தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் 'துக்கடா' என்னும் பெயரோடு இடம்பெற்றன. திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தவர் அவரே என்பதால், தமிழ்மீது வெறுப்பு இருந்ததாகக் கொள்ளல் பொருந்தாது. பழக்கம் அவ்வாறு படிந்துவிட்டது. கடைசியிற் கேட்பது கனமற்றது என்னும் எண்ணம் கேட்போர் உள்ளத்தில் தானே வேரூன்றியது.

இசைத்தட்டு வந்தபோது ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே கிடைத்தது. விரிந்த ஆலாபனை சுருங்கியது. சிறிய பாடல் செழித்தது. கோயில் வீதிகளில் இரவு முழுதும் தோடி வாசித்த திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) நாகசுரமும் தட்டுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதோர் தேநீர்க் கடையிலும் ஊர்ப் பூங்காவிலும் நின்று கேட்டனர். எதைக் கேட்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, குருவிடமிருந்தும் கோயிலிடமிருந்தும் மெல்ல மெல்ல நிகழ்ச்சி அமைப்பாளர் கைக்கு மாறியது.

இச்சூழலில்தான் 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. இசைக்கு மொழி முதன்மையன்று, தரமே முதன்மை என மறுத்தோரும் இருந்தனர். நாகசுரத்தின் தோடிக்குச் சொல் வேண்டுவதில்லை என்னும் அளவில் அவர்தம் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், தரம் என்பது எங்கிருந்து தோன்றும்? மீண்டும் மீண்டும் பாடி, மெருகேற்றி, கேட்டுத் திருத்தப்படும் பாடலே தரம் பெறும். மேடையின் கடைசிக் கால்மணி நேரத்தை மட்டும் ஒரு மொழிக்கு ஒதுக்கிவிட்டு, அம்மொழியில் கனமான கீர்த்தனை இல்லை என்பது முறையாகுமா?

1943இல் இராசா அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் நூல்களாக வெளியிட்டது. பாபநாசம் சிவன் (1890–1973), பெரியசாமித் தூரன் (1908–1987) ஆகியோரின் பாடல்கள் கச்சேரியின் நடுவிடத்துக்கும் உரியனவாயின. ஆனால், தமிழ் மூவரின் இழந்த மெட்டுகளை எந்த மாநாடும் மீட்டுத்தர இயலவில்லை.

இன்று வேண்டிய பாடலை வேண்டிய நேரத்தில் ஒவ்வொருவரும் தனித்தே கேட்கலாம். ஒலிப்பதிவும் அழியாது காக்கப்படுகிறது. எனினும் பழகிய பத்துப் பாடல்களையே நாடும் செவிக்குப் பதினோராவது பாடல் இருந்தும் இல்லாததே. பாடநூலில் முத்துத்தாண்டவரின் பெயரைப் படிக்கும் மாணவர், அவர் கீர்த்தனை ஒன்றையேனும் காதாற் கேட்டுத் தாமே பாடிப் பழகுவாராயின், அப்பாடல் மேலும் ஒரு தலைமுறை வாழும்.