பெஞ்சிலிருந்து தொலைபேசிக்கு: பிரிட்டனில் மருத்துவரைப் பார்க்கும் வரிசையின் வரலாறு

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரைப் பார்க்க நினைக்கும் பலருக்கு அன்றைய பொழுது காலை எட்டு மணித் தொலைபேசியோடுதான் தொடங்குகிறது. கிளினிக் திறக்கும் நேரத்தில் ஊரே அந்த ஒரே எண்ணை அழைக்கும். இசையைக் கேட்டபடி காத்திருந்து முறை வரும்போது, அன்றைக்கான நேரமெல்லாம் தீர்ந்துவிட்டது என்ற பதில் கிடைக்கவும் கூடும். பத்திரிகைகள் இதற்கு 'எட்டு மணி அடிதடி' என்று பெயர் வைத்துவிட்டன. கன்சர்வேட்டிவ் அரசும் அதற்குப் பின் வந்த லேபர் அரசும் இதை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தன. இந்தக் குறையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய பொற்காலத்தையும் சேர்த்தே பேசுவார்கள்: அப்போதெல்லாம் நேராகப் போனால் டாக்டரைப் பார்த்துவிடலாம், இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்பார்கள். கடந்த நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. பணம் கொடுக்காமல் மருத்துவரைப் பார்க்கும் வழி பிறந்த நாளிலிருந்தே பிரிட்டனில் காத்திருப்பும் இருக்கிறது. எந்தச் சீர்திருத்தமும் அதை ஒழித்ததில்லை. ஒவ்வொன்றும் அதை வேறோர் இடத்துக்கு நகர்த்தியது, நகர்த்தும்போது அதைச் சுமக்கும் ஆளையும் மாற்றியது.

தொடக்கம் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம். நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த இச்சட்டத்தின்படி 1913 ஜனவரி முதல், உடலுழைப்புத் தொழிலாளர்களும் ஆண்டுக்கு 160 பவுண்டுக்குள் சம்பாதித்தவர்களும் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவரிடம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அவர்களின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை கிடையாது. மருத்துவருக்கோ வந்து பார்த்த தடவைகளுக்காக அல்லாமல், தன் பெயரில் பதிந்திருக்கும் ஒவ்வொரு தலைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் வரும். ஒருவர் ஆண்டு முழுவதும் வராவிட்டாலும், வாரம் தவறாமல் வந்தாலும் வருமானம் ஒன்றே. இந்த ஏற்பாட்டில், அதுவரை கட்டணம் செய்துவந்த ஒரு வேலையைக் காலம் செய்யத் தொடங்கியது. யார் பார்க்கப்படுவார், யார் வீடு திரும்புவார் என்பதைக் கையிலிருந்த காசு தீர்மானித்த இடத்தில், யாரால் உட்கார்ந்திருக்க முடியும் என்பது தீர்மானித்தது. சில மருத்துவர்கள் காசு கொடுப்பவருக்கு ஒரு வாசல், காப்பீட்டுக்காரருக்கு வேறொரு வாசல் என்று வைத்திருந்ததும் இதன் விளைவுதான். முன்வாசலில் வருபவர் பணத்தால் கொடுத்ததைப் பக்கவாசலில் வருபவர் மணிக்கணக்கால் கொடுத்தார்.

1948 ஜூலை 5ஆம் தேதி சுகாதார அமைச்சர் அனியூரின் பெவன் தொடங்கிவைத்த தேசிய சுகாதார சேவை அந்தப் பக்கவாசலை நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது. அதுவரை செலவுக்கு அஞ்சி நோயை மூடி வைத்திருந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். ஆனால் குடும்ப மருத்துவர் அரசு ஊழியராகவில்லை. ஒப்பந்தக்காரராகவே நீடித்தார், பழைய தலைக்கணக்கு ஊதியமும் நீடித்தது. ஒருவர் 4,000 பேர்வரை பதிந்துகொள்ளலாம் என்றிருந்தது. 1952இல் அது 3,500 ஆகக் குறைந்தது. கிளினிக் என்பது பல ஊர்களில் மருத்துவர் வீட்டின் முன்னறை. அதற்கு நாற்காலி வாங்குவதோ அறையைச் சூடாக வைப்பதோ அவர் கைக்காசு. ஆள் வைத்தாலும் அப்படியே. அதனால் வீட்டுக்கு வரும் அழைப்புகளைக் குறித்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் மருத்துவரின் மனைவி தலையில் சம்பளமின்றி விழுந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜோசப் காலிங்ஸ் இங்கிலாந்தின் கிளினிக்குகளை நேரில் போய்ப் பார்த்து 1950இல் 'லான்செட்' இதழில் எழுதிய அறிக்கை, நெரிசலான காத்திருப்பறைகளையும் அவசரப் பரிசோதனைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தொழிலின் மானத்தை அது சுட்டது. 1952இல் குடும்ப மருத்துவர்கள் தமக்கென ஒரு கல்லூரியை நிறுவிக்கொண்டதற்குப் பின்னணியில் இந்த அறிக்கையும் உண்டு.

அந்தக் காலத்துப் பெஞ்சு வரிசையின் இயல்பைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை கதவு திறக்கும். மூடுவதற்குள் வந்து உட்கார்ந்தவர் அத்தனை பேரையும் அன்றே பார்த்தாக வேண்டும். தனக்கு முன்னால் வந்தவர் யார் என்று ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். வரிசையைக் காப்பது வரிசையில் இருப்பவர்களே. மருத்துவர் கதவைத் திறந்து தலையை நீட்டினால் அன்றைய தேவை முழுவதும் கண்ணெதிரே இருக்கும். இதன் செலவு முழுவதையும் நோயாளியே ஏற்றார்: அரைநாள் கூலி, கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம், பக்கத்து இருமலிலிருந்து ஒட்டிக்கொள்ளும் புது நோய். இதைப் பொற்காலம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காத்திருப்பு ஒளிந்திருக்கவில்லை என்ற ஒரு குணம் அதற்கு இருந்தது.

நேரம் குறித்துப் பார்க்கும் முறை ஏன் வந்தது? நோயாளிகளின் வசதிக்காக என்பது வழக்கமான பதில். காலவரிசை வேறொன்றைக் காட்டுகிறது. 1965இல் குடும்ப மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களைத் தங்கள் சங்கத்திடம் கொடுத்தார்கள். சங்கம் ஒரு சாசனத்தை முன்வைக்க, சுகாதார அமைச்சர் கென்னத் ராபின்சன் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவந்தார். 1966இன் புதிய ஒப்பந்தப்படி உதவியாளர் சம்பளத்தில் 70 விழுக்காட்டை அரசே திருப்பிக் கொடுக்கும். கட்டட வாடகைக்கும் பணம் வரும். மருத்துவர்கள் கூட்டாகச் சேர்ந்து கிளினிக் நடத்துவது இதனால் பெருகியது, மேசைக்குப் பின்னால் ஒரு வரவேற்பாளர் வந்து அமர்ந்தார். தொலைபேசியை எடுத்துப் பதிவேட்டில் பெயரெழுத ஆளில்லாமல் நேரம் குறிக்கும் முறை நடக்காது. அந்த ஆளுக்கு இப்போதுதான் சம்பளம் கிடைத்தது. சமூகவியலாளர் ஆன் கார்ட்ரைட் 1964இல் ஆராய்ந்தபோது இந்த முறை சிறுபான்மை வழக்கமாக இருந்தது. 1977இல் அவர் மறுபடி ஆராய்ந்தபோது அது பெரும்பான்மை வழக்கமாகிவிட்டிருந்தது. நோயாளிகளும் இதை விரும்பியிருக்கலாம். ஆனால் இதைப் பரவச் செய்தது, மருத்துவரின் வேலைநாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற கோரிக்கையும் அதற்கு அரசு கொடுத்த பணமும்தான்.

அந்த ஒழுங்கால் நோயாளிக்கும் நன்மை விளையவில்லையா என்று கேட்கலாம். விளைந்தது. யார் வரப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்ததால், 'லாயிட் ஜார்ஜ் உறை' எனப்படும் சிறிய காகித உறையிலிருந்த மருத்துவக் குறிப்புகளை எடுத்து மேசைமேல் தயாராக வைக்க முடிந்தது. கூலி வேலைக்காரர் அரைநாளை இழக்காமல் வந்துபோக முடிந்தது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று தொடங்கிய பதிவு காலப்போக்கில் பத்து நிமிடமாக வளர்ந்தது. இந்த நன்மைகள் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தனவா என்பதே கேள்வி. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் தொலைபேசி கிடையாது. அந்த வீட்டுக்காரர் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில் சில்லறையோடு நின்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் உடல்நிலையைச் சொல்லி, எவ்வளவு அவசரம் என்று மெய்ப்பிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அப்படி எதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. வரவேற்பாளருக்கு 'மேசைக்குப் பின்னால் இருக்கும் டிராகன்' என்ற பட்டப்பெயர் வந்ததும், 1985இல் சாரா ஆர்பரும் லூசியன் சாயரும் அதையே ஆய்வுப் பொருளாக்கியதும் இந்த மாற்றத்தின் தொடர்ச்சி. வரவேற்பாளர்களாக இருந்த பெண்களின் சுபாவத்தில் குறை காண்பது நியாயமாகாது. மருத்துவப் பயிற்சி தராமலே மருத்துவத் தீர்ப்பை அவர்கள் கையில் கொடுத்தது அந்த ஏற்பாடு.

வேல்ஸின் கிளின்கோரக் என்ற சுரங்க ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார். அது இந்த வரிசைக்கும் பொருந்தும். தொலைபேசியும் தயக்கமில்லாத ஆங்கிலமும் நினைத்தபோது வேலையை விட்டு வரும் சுதந்திரமும் உள்ளவருக்கு நேரம் எளிதில் கிடைத்தது. நோய் அதிகமுள்ளவர்களிடம் இவை மூன்றும் குறைவாகவே இருந்தன. உள்ளூர் மருத்துவர்கள் போக விரும்பாத சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் தொழில்நகரங்களின் ஏழைப் பேட்டைகளிலும் அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போன மருத்துவர்கள் பலர். அவர்களுள் தமிழர்களும் உண்டு. 1980களின் இறுதியில் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தவர்.

காத்திருப்பு ஒழியாது, நகரத்தான் செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று 2000ஆம் ஆண்டில் கிடைக்கிறது. எந்த நோயாளியும் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க முடிய வேண்டும், 2004க்குள் இது நிறைவேற வேண்டும் என்று பிரதமர் பிளேரின் அரசு இலக்கு வைத்தது. இலக்கு பெருமளவு எட்டப்பட்டதாகக் கணக்கும் வந்தது. 2005 தேர்தல் நேரத்தில் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், தன் கிளினிக்கில் அடுத்த வாரத்துக்கு முன்பதிவு செய்யவே முடியவில்லை என்று ஒரு பெண் பிரதமரிடம் முறையிட்டபோது, அவருக்கே அது செய்தியாக இருந்தது. காரணம் எளிது. இரண்டு நாளுக்கு மேற்பட்ட பதிவு ஏட்டிலேயே இல்லை என்றால், இரண்டு நாளுக்கு மேல் காத்திருந்தவர் என்று எவரும் கணக்கில் வர மாட்டார். பதிவேட்டில் இருந்த காத்திருப்பு காலை எட்டு மணித் தொலைபேசிக் கம்பிக்கு ஏறிவிட்டது. அங்கே அதை அளப்பவர் யாருமில்லை. 2010இல் புதிய அரசு இலக்கைக் கைவிட்டது. எட்டு மணிப் பழக்கமோ தங்கிவிட்டது.

இதெல்லாம் சுற்றி வளைத்த பேச்சு, போதிய மருத்துவர்கள் இருந்தால் வரிசையே இராது என்பது வலுவான மறுப்பு. பற்றாக்குறை உண்மை, அண்மை ஆண்டுகளில் ஒரு மருத்துவருக்கு இத்தனை பேர் என்ற கணக்கு மீண்டும் ஏறிவருகிறது. ஆனால் 1960களிலிருந்து 1990கள்வரை அந்தக் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. நேரம் குறிக்கும் முறை வேரூன்றியதும், அதைப் பற்றிய மனக்குறைகள் பெருகியதும் அதே காலத்தில்தான். மருத்துவர் கூடினால் ஒவ்வொருவரையும் கூடுதல் நேரம் பார்ப்பார்கள், முன்பு வீட்டிலேயே பொறுத்துக்கொண்டவர்களும் வருவார்கள், மருத்துவமனை செய்த வேலையில் ஒரு பங்கும் கிளினிக்குக்கு வந்துசேரும். இவை மூன்றும் நல்லவையே. ஆகவே மருத்துவர்களைக் கூட்டுவது தேவை, அது வரிசையின் நீளத்தைக் குறைக்கும். வரிசையில் யார் முன்னால் நிற்பது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

இன்னொரு மறுப்பு கணினியின் பெயரால் வருகிறது. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது, கதவைத் தட்டுபவரை முதலில் இணையத்திலோ தொலைபேசியிலோ விசாரித்துத் தரம் பிரிப்பது இங்கிலாந்தில் பொது வழக்கமாயிற்று. 2025 அக்டோபர் முதல் வேலைநேரம் முழுவதும் இணையவழிக் கோரிக்கைகளை ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. கோரிக்கை எல்லாம் பதிவாவதால், பெஞ்சுக்குப் பிறகு முதல் முறையாக அன்றைய தேவை முழுவதும் மீண்டும் கண்ணில் படும் வாய்ப்பு இதில் இருக்கிறது. அதை வரவேற்கத்தான் வேண்டும். படிவத்தை நிரப்பத் தெரியாத முதியவரும், வலியை ஆங்கிலத்தில் எழுத வராத அகதியும் அந்தப் பதிவுக்குள் வரமாட்டார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். தொலைபேசி வந்தபோது தொலைபேசி இல்லாதவர் நின்ற இடத்தில் இப்போது இவர்கள் நிற்கிறார்கள்.

விரைவு ஒன்றையே அளக்கும்போது தொலைவது இன்னொன்றும் உண்டு. நார்வேயில் லட்சக்கணக்கானவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருப்பவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாக இருப்பதைக் கண்டது. இன்று ஏதாவது ஒரு மருத்துவர் போதுமா, நான்கு நாள் பொறுத்து என்னைத் தெரிந்த மருத்துவரா என்பது நோயைப் பொறுத்த தேர்வு. சளிக்கு முதலாவது சரி, நெடுநாள் சர்க்கரை நோய்க்கு இரண்டாவது. 48 மணி இலக்கு அந்தத் தேர்வைப் பறித்தது. எனவே காத்திருக்கவே கூடாது என்று ஓர் அரசு உறுதி தரும்போது, அந்தக் காத்திருப்பு இனி எங்கே போகும், அதை யார் சுமப்பார், அதை அளப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் உடனே கேட்க வேண்டும். இவற்றுக்குப் பதில் வைத்திருக்கும் ஏற்பாடு, நோயாளியைச் சற்றே காக்க வைத்தாலும் நியாயமான ஏற்பாடு. பதில் இல்லாத ஏற்பாடு எவ்வளவு வேகமாக இருந்தாலும், பழைய பக்கவாசலுக்கு வேறோர் இடம் கண்டுபிடித்திருக்கிறது என்றே பொருள்.