உறியும் சுவர்த்தட்டும்: தமிழர் அடுக்களை வரலாற்றில் ஒரு பகுதி

பண்டைத் தமிழர் உண்ட உணவுகளைப் பற்றியும் அவற்றைச் சமைத்த முறைகளைப் பற்றியும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். சமைத்த உணவும் சமையற்குரிய கலங்களும் அட்டிலில் எங்கு, எவ்வாறு வைக்கப்பட்டன என்னும் வினாவோ அத்துணை விரிவாக ஆராயப்பெறவில்லை. இது சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் இதற்கு விடை காண முற்படுவோர் சொல்லின் வரலாறு, கலத்தின் வடிவம், சுவரின் இயல்பு, கூரையின் அமைப்பு ஆகிய நான்கனையும் ஒருங்கு நோக்க வேண்டியவர் ஆவர்.

இக்காலத்து நகர வீடுகளின் அடுக்களையில் 'மிதக்கும் தட்டு' எனப்படும் சுவர்த்தட்டுகள் பெருகி வருகின்றன. தாங்கும் இரும்பு சுவருக்குள்ளும் பலகைக்குள்ளும் மறைந்திருத்தலின், பலகை ஒரு பற்றுமின்றி வெளியில் நிற்பது போலக் காட்சி தருகிறது. அதற்குக் கதவு இல்லை. ஆதலின் அதன்மேல் வரிசையாக அடுக்கிய கலங்களே அறைக்கு அணியாகின்றன. இதனைப் புதுமை என்பர். நிலத்தைத் தொடாமலும் கதவால் மூடாமலும் கலத்தை இடைவெளியில் நிறுத்தும் முறை தமிழர்க்குப் புதியதன்று. உறி என்னும் பெயரால் அது ஈராயிரம் ஆண்டளவாக வழங்கி வந்துளது. அவ்வுறி மறைந்து சுவர்த்தட்டு வந்தது ஏன் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். குளிர்ப்பெட்டி வந்தமையால் உறி மறைந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை ஒருபுடை உண்மையே. எனினும் முழுவதும் பொருந்துவதன்று. கலத்தின் அடியும் வீட்டின் மேலும் மாறியமையே உறி மறைந்ததற்குத் தலையாய காரணம் என்பது நம் கருத்து.

இலக்கியம் காட்டும் உறி

சங்கப் பாடல்களில் உறியைப் பெரும்பாலும் ஆயன் தோளிலேயே காண்கிறோம். பெரும்பாணாற்றுப்படை, உறி தொங்கும் காவடித் தண்டு அழுத்தியதால் தழும்பேறிய தோளையுடைய இடையனைக் காட்டுகிறது. அக்காவிற்கு 'உறிக்கா' என்றே பெயர் தருகிறது. நற்றிணை 142ஆம் பாடலும் அகநானூறு 274ஆம் பாடலும் மழைத்தூவலில் தண்டூன்றி நிற்கும் இடையனைக் காட்டுகின்றன. தீக்கடைகோல், தோல், உறி ஆகியவை அவன் கருவிகள். கலித்தொகை 9ஆம் பாடலில் முக்கோல் ஏந்திய அந்தணர் நீர்க்கரகத்தை உறியில் தாழவிட்டு வெயிலில் வழிநடக்கின்றனர். மதுரைக்காஞ்சி சமணப் பள்ளியைப் புனையும் இடத்தில், நோன்பியர் தம் நீர்க்கலத்தைத் தொங்கவிட்டிருந்த 'சிமிலி' பேசப்படுகிறது. சிமிலி என்பது உறியே.

இச்சான்றுகளை மட்டும் நோக்கின், உறி வழிச்செல்வோர் கருவியாகவே தோன்றிப் பின்னரே இல்லம் புகுந்தது என்று கருத இடமுண்டு. அங்ஙனம் முடிவு செய்தல் பொருந்தாது. முல்லைப் பாடல்கள் மனைநோக்கி மீளும் தலைவன் வழியில் காணும் காட்சியைப் பாடுவன. ஆற்றுப்படை வழிநடையைப் பாடுவது. வழியில் கண்டதையே அவை கூறும். அட்டிலின் உள்ளே புகுந்து எண்ணுதல் அவற்றின் நோக்கமன்று. பாடலின் பொருளமைதி மறைத்ததனை வழக்கின்மை எனக் கொள்ளுதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

இல்லத்து உறியைச் சிலப்பதிகாரம் தெளிவுறக் காட்டுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி தந்த மனையில் கண்ணகி உணவு சமைத்துக் கோவலனுக்குப் படைத்ததைக் கொலைக்களக் காதை கூறும். அதனை அடுத்து வரும் ஆய்ச்சியர் குரவையில், அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை தமக்குரியதான காலையில் மாதரி தீக்குறிகளைக் காண்கிறாள். குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. பாலுக்குக் குடமும் வெண்ணெய்க்கு உறியும் இடமாகச் சொல்லப்பட்டமை காண்க. எப்பொருளை எங்கு வைப்பது என்னும் ஒழுங்கு அம்மனையில் நிலைபெற்றிருந்தது என்பது இதனால் தெற்றென விளங்கும்.

ஆழ்வார் பாடல்களில் கண்ணன் வெண்ணெய் களவு செய்யும் செய்தி பயின்று வருகிறது. அக்களவு சுவைதருவதற்குக் காரணமே உறியின் உயரம்தான். தாய்க்கு எட்டும்; குழந்தைக்கு எட்டாது. அவ்வுயரமே திருமால் கோயில்களில் உறியடி விளையாட்டாக இன்றும் நிகழ்கிறது. தஞ்சை மாவட்டத்து வரகூர் உறியடி பலரும் அறிந்தது. அடுக்களைப் பொருளொன்று விழாவாக உயர்ந்தபின், அடுக்களையில் மறைந்தும் விழாவில் நிலைபெற்றது.

சொல் காட்டும் கருத்து

உறி என்னும் சொல் மலையாளத்திலும் உறியே. தெலுங்கில் 'உட்டி' என வழங்கும். கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானோ என்பது நம் நாட்டுப் பழமொழி. அதே கருத்தைத் தெலுங்கு மக்கள், உட்டிக்கு எட்ட மாட்டாதவள் விண்ணுலகுக்குப் பறக்க முயன்றாள் என்று கூறுவர். தமிழ்ப் பழமொழி கூரையை அளவாகக் கொள்ள, தெலுங்குப் பழமொழி உறியை அளவாகக் கொண்டது. இல்லத்தில் உயரத்தை அளக்கும் கோலாகவே உறி நின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

மற்றொரு நுட்பமும் நோக்கத்தக்கது. மேற்குறித்த நற்றிணைப் பாடல் உறிக்குப் பல கால்கள் உள என்கிறது. அகநானூற்றுப் பாடல் அதன் கால் திண்ணியது என்கிறது. உறிக்குக் கால் ஏது? கலத்தைத் தாங்கி மேனோக்கிச் செல்லும் கயிறுகளே ஈண்டுக் கால் எனப்பட்டன. நிலத்தில் ஊன்றுவது மட்டுமன்றித் தாங்குவது யாதாயினும் அது காலே என்பது அப்புலவர் கொண்ட பொருள். மேலே ஊன்றிய கால்களையுடைய தாங்கியாகவே அவர் உறியைக் கண்டனர். இன்றைய சுவர்த்தட்டில் அக்கால் சுவருக்குள் மறைந்து விட்டது, அவ்வளவே வேறுபாடு.

கலத்தின் அடி

பழந்தமிழர் மண்கலங்களுள் பல உருண்டை அடியுடையன. தீயின் வெம்மை ஒரே சீராகப் பரவுதற்கும், வெடிப்பு நேராமைக்கும் அவ்வடிவம் ஏற்றது. ஆயின் உருண்டை அடியுடைய பானை தட்டையான பலகையில் நில்லாது. அதற்கு வைக்கோலாலோ நாராலோ முறுக்கிய பிரிமணை வேண்டும். இல்லையேல் உறி வேண்டும். பெருங்கற்காலப் புதைவிடங்களில் பானைகளோடு மண்ணால் இயன்ற வளையத் தாங்கிகளும் கிடைத்திருத்தல் இத்தேவையின் தொன்மையைக் காட்டும். மண்ணால் ஆகிய தாங்கி நிலைத்தது. கயிற்றால் ஆகிய உறி மக்கி மறைந்தது. ஆதலின், அகழாய்வில் காணாத உறிக்கு இலக்கியமே சான்றாகிறது.

அட்டிலின் மேல்கீழ் ஒழுங்கு

சிற்றூர் அடுக்களைகளை நோக்குவார்க்கு அங்குப் பொருள்கள் நான்கு நிலைகளில் வைக்கப்பட்டமை புலனாகும். நிலத்தில் அம்மி, உரல், திருகை, நீர்க்குடம் ஆகிய கனத்த பொருள்கள் இருந்தன. கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைக் குடைந்த மாடங்களில் விளக்கும் உப்பும் சிறு கலங்களும் இருந்தன. தலைக்கு மேல் உறியில் தயிர், வெண்ணெய், நெய், எஞ்சிய சோறு ஆகியவை தொங்கின. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆண்டுக்குச் சிலமுறையே எடுக்கப்படும் பெரிய கலங்கள் பரணில் இருந்தன.

இவ்வொழுங்கு அழகு கருதி மட்டும் அமைந்ததன்று. கனமானது கீழ்; அடிக்கடி எடுப்பது நடு; எலி, எறும்பு, பூனை ஆகியவற்றினின்றும் காக்க வேண்டியது உறி; அரிதில் எடுப்பது பரண் என ஒவ்வொன்றற்கும் காரணம் உண்டு. உறியில் காற்று நாற்புறமும் இயங்குதலின் உணவு விரைவில் புழுங்காது. அடுப்பின் மேலே தொங்குவனவற்றிற்குப் புகையும் காவலாயிற்று. விதை இட்ட சுரைக்குடுக்கையைப் புகை படும் இடத்தில் தொங்கவிடுதல் உழவர் வழக்கம். உறியின் உயரமோ வீட்டுத் தலைவியின் கை எட்டும் அளவாக அமைந்தது. அவ்வகையில் உறியை அவள் கைக்கு அளந்து கட்டிய தட்டு எனல் வேண்டும்.

சுவரும் விட்டமும்

இனி, தமிழர் சுவரில் பலகை பொருத்தாமல் கூரையில் கயிறு கட்டியது ஏன் என்பதை நோக்குவோம். மண்சுவர் மேலிருந்து கீழ்நோக்கி வரும் சுமையை நன்கு தாங்கும். பக்கவாட்டில் இழுக்கும் சுமையைத் தாங்காது. சுவரிலிருந்து வெளியே நீண்ட பலகையின்மேல் பளுவை வைத்தால், பலகையின் முன்விளிம்பு தாழ முயலும். அதனால் சுவரில் அறைந்த ஆணியின் பிடி தளரும். அதனாலேயே பழைய வீட்டார் சுவரிலிருந்து பலகையை வெளியே நீட்டாமல், சுவரைக் குடைந்து மாடம் அமைத்தனர். பளுவைத் தொங்கவிட வேண்டியவிடத்து விட்டத்தையும் உத்திரத்தையும் நாடினர். உறி, தூளி, ஊஞ்சல் ஆகிய மூன்றும் ஒரே மரத்தை நம்பி வாழ்ந்தன. தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பிட்ட 'மெட்ராஸ் டெரஸ்' தளத்திலும் கொக்கி மாட்ட மரம் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கம்பி இட்ட கற்காரைத் தளம் பரவியபோது விட்டம் மறைந்தது. தளம் வார்க்கும்போதே கொக்கி பதித்தாலன்றி அதில் உறி கட்ட இயலாது. ஊஞ்சலுக்குக் கொக்கி பதித்தார் உளர். உறிக்குப் பதித்தார் அரியர். அதே காலத்தில் செங்கல்லும் சிமிட்டியும் கொண்டு கட்டிய சுவர், நீண்ட பலகையின் இழுப்பைத் தாங்கும் வலிமை பெற்றது. மண்பானையின் இடத்தைத் தட்டை அடியுடைய எவர்சில்வர் கலங்கள் கொண்டன. இவ்வாறு உறியைத் தாங்கிய மரமும் உறியை வேண்டிய கலமும் ஒருங்கே நீங்கின. குளிர்ப்பெட்டி வாங்க இயலாத வீடுகளிலும் உறி மறைந்தமைக்கு இதுவே விளக்கம்.

இடையில் வந்தது அலமாரி. அலமாரி, மேசை, சாவி ஆகிய சொற்கள் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை; ஈழத் தமிழர் அடுக்களையைக் 'குசினி' என்பதும் அம்மொழி வழியதே. அலமாரி பொருளை மூடி வைத்தது. ஆயின் நிலத்தில் நின்றமையால் எறும்பு ஏறியது. அதன் நான்கு கால்களுக்கும் நீர்க்கிண்ணம் வைக்க நேர்ந்தது. உறி இயல்பாகவே பெற்றிருந்த காவலை அலமாரி நீரால் பெற வேண்டியதாயிற்று.

முடிவு

மேற்கூறியவற்றால் சுவர்த்தட்டை உறியின் வழித்தோன்றல் என்று நாம் கூறவில்லை. அது வேறொரு நாட்டு மரவேலையிலிருந்து வந்தது. எனினும் இரண்டும் ஒரே தேவைக்கு இருவேறு வீடுகள் தந்த விடைகள். விட்டம் வலிதான வீடு உறியைத் தந்தது. சுவர் வலிதான வீடு தட்டை ஏற்றது. பொருள்வைப்பின் வரலாற்றை எழுதுவோர் விருப்பத்தின் மாற்றத்தை மட்டும் நோக்காது, வீட்டில் சுமை தாங்குவது எது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

உறி முறுக்கும் முறை, அதன் உறுப்புகளுக்கு வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்கள், அவற்றை அறிந்த முதியோர் ஆகியவை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. கயிறு மண்ணில் தடம் விடாது என்று மேலே கண்டோம். இன்று எழுதி வைக்காவிடின் நாளை அகழ்ந்தும் காண இயலாது. பழம்பாடலுக்கு உரை காண்போர்க்கும் இதனால் இழப்பு உண்டு. உறியைக் கண்டறியாதவர், அதற்குக் கால் உண்டென்று புலவர் கூறியதன் பொருளை எங்ஙனம் உணர்வர்? ஆதலின் இளைய ஆய்வாளர் தத்தம் ஊர் அடுக்களைகளினின்றே இப்பணியைத் தொடங்குவாராக.