துண்டு

வத்தளை மருந்துக்கடையில் முதலில் கேட்பது "துண்டு இருக்கா?" என்றுதான். வைத்தியர் எழுதித் தரும் சீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். பக்கத்தில் நிற்கும் சிங்களவரும் ‘பெஹெத் துண்டுவ’ என்றுதான் சொல்வார். துண்டி, துண்டம் என்று நீளும் சொற்குடும்பம் இது. நறுக்கியதெல்லாம் துண்டு. அது தோளில் போடும் துணிக்கும் பெயராகி, வரவு செலவுத் திட்டத்தில் ‘விழும்’ தொகைக்கும் பெயராகிவிட்டது.

மலைநாட்டுத் தோட்டங்களில் இதே சொல் மனிதருக்கு விலை போட்டது.

தோட்ட வேலைக்கென்று தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கியவர் கடனோடுதான் இறங்கினார். கப்பல் செலவு, வழிச்சோறு, குளிருக்குத் தந்த கம்பளி எல்லாம் அவர் பற்றில் ஏறின. ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைத்தால் தோட்டத் துரையிடம் துண்டு கேட்பார். "இத்தனை ரூபா கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன்" என்பதே அதன் சாரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். கூடுதல் முன்பணம் தரும் துரை பழைய கடனைத் தீர்ப்பார்; தீர்ந்த கடன் புதிய பேரேட்டில் இன்னும் பருத்து உட்காரும். கொழுந்து பறித்தவர் கைக்கு அந்தத் தாள் வந்ததேயில்லை. சந்தையில் மாடு கைமாறும்போதாவது மாட்டின் தலையில் கடன் ஏறுவதில்லை.

துண்டில்லாமல் ஓடிப்போனால்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காத்திருந்தது. முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை. 1830களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பண்ணையாருக்கு ஒப்படைக்கப்பட்ட கைதியின் கதையும் இதை ஒட்டியதுதான். எசமான் தானே சவுக்கெடுக்க முடியாது, நீதவானிடம் அனுப்ப வேண்டும். அந்த நீதவான் பல வேளைகளில் பக்கத்துப் பண்ணைக்காரர். ஆனால், அங்கே அடிபட்டவர் ஒரு குற்றத்துக்காகத் தீர்ப்புப் பெற்றவர். இங்கே தோட்டத் தொழிலாளி செய்த குற்றம், வேலையை விட்டுப் போனது.

இதை எதிர்த்துக் கொழும்பில் எழுந்த குரல்களில் உரத்தது சேர் பொன்னம்பலம் அருணாசலத்துடையது. 1919இல் அவர் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். தோட்டத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை படித்த பெரி. சுந்தரம் உடன் நின்றார். இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்துகொள்ள, 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் அத்தோடு போயிற்று.

பேரேட்டுச் சொற்கள் எல்லாம் சாகவில்லை. ஒரு நாள் சம்பளத்துக்குத் தோட்டத்தில் ‘ஒரு பேர்’ என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. அது இன்றும் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் விழுகிறது.