ஆறுமணிக் குருவி

பிட்டா குடும்பத்தைச் சேர்ந்த வலசைப் பறவை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தில் தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை வந்து தங்கும். மைனாவைவிடச் சிறியது; ஏறத்தாழ 19 செ.மீ. நீளம், குட்டை வால், நீண்ட கால்கள். பச்சை முதுகு, கண்ணின் ஊடே செல்லும் கறுப்புப் பட்டை, வெண்தொண்டை, இறக்கையில் பளீர் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு.

இத்தனை நிறமிருந்தும் கண்ணில் படுவது அரிது. புதரடி நிழலில் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடும். ஆள் அரவம் கேட்டால் தத்திப் பதுங்கும், அல்லது தாழ்வான கிளைக்கு ஏறும். இதைப் பார்க்க, தேடி அலைவதைவிட ஓரிடத்தில் அசையாமல் உட்கார்வதே பலன் தரும். விடியலிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரட்டைச் சீழ்க்கை எழுப்பும். அப்போது தலை பின்னே சாயும், அலகு வானைப் பார்க்கும். சென்னை கிண்டி தேசியப் பூங்காவிலும் கோடியக்கரையிலும் காணலாம். வலசையில் களைத்து, அக்டோபர் வாக்கில் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் இறங்குவதும் உண்டு. பூனைகளுக்கு அது வேட்டைக்காலம்.