துண்டு வெட்டின பிறகு

ஆஸ்பத்திரியில இருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் எங்கட பக்கத்தில சொல்லுறது 'துண்டு வெட்டியாச்சு' என்று. சிங்களத்திலும் டிக்கட் வெட்டுறதுதான். வெட்டப்படுகிற அந்த டிக்கட், ஆங்கிலேயர் காலத்து வார்டுகளில் இருந்து வந்த 'பெட் ஹெட் டிக்கட்'. கட்டிலின் தலைமாட்டுக்கு உரிய, நோயாளியின் விபரம் முழுவதும் எழுதப்படுகிற பதிவு அது. வெட்டினதும் அது ஆஸ்பத்திரியின் பதிவறைக்குப் போய்விடும். எங்கட கையில் வருவது ஒரு டயக்னோசிஸ் காட், ஒரு கிளினிக் திகதி, கொஞ்சம் மருந்து. வார்டில் பத்து நாள் நடந்ததெல்லாம் நாலைந்து வரிக்குள், பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கங்களில் அடங்கியிருக்கும்.

இனி அந்த மனிதரை யார் பார்ப்பது? இலங்கையில் இந்தக் கேள்விக்குத் தாய்மார் விடயத்தில் ஒரு நல்ல விடை கிடைத்தது. மற்றவர்களுக்கு அது வந்து சேரவில்லை. ஏன் என்று விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. ஆனால் கட்டடம் ஒன்று இருந்ததால் மட்டும் தாய்மார் பிழைக்கவில்லை. 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். திருப்பம் வேறு இடத்தில் இருந்து வந்தது. 1926இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்றைக்கு நாங்கள் 'எம்ஓஎச் ஒவ்விஸ்' என்று சொல்லுகிற அமைப்பின் முன்னோடி அதுதான். அதன் யோசனை மிக எளிமையானது. நோயாளி வரும்வரை காத்திருக்காமல், ஒரு நிலப்பரப்பையும் அதில் வாழும் ஆட்களையும் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைப்பது. அந்த ஒருவர்தான் பின்னாளில் எங்கட வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டு வந்த மிட்வைவ் மிஸ். ஒருவருக்கு ஏறத்தாழ 3000 பேர் என்பது கணக்கு.

முதலில் அவர்கள் வீட்டுப் பிரசவங்களையே பார்த்தார்கள். பிறகு பிரசவம் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் பிறக்கின்றன. அப்படியானால் மிட்வைவ் தேவையில்லை என்று அந்தப் பதவியை அரசு எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள காலம் அவர்களின் பொறுப்பானது. கர்ப்பிணிப் பதிவேடு இரண்டு பிரதிகளாக எழுதப்படுகிறது. ஒன்று தாயிடம், மற்றது மிட்வைவிடம். தாய் தன் பிரதியோடு வார்டுக்குப் போகிறார், அதோடேயே திரும்பி வருகிறார். வீட்டுக்கு வந்து பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது மிஸ் வந்து பார்க்கவேண்டும். 42ஆம் நாளளவில் இன்னொரு வரவும் உண்டு. பிள்ளைக்கு நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ தனிப் புத்தகம். (நிறத்தைப் பற்றி இன்னொரு கட்டுரையில் சண்டை பிடிக்கலாம்.) கொவிட்டுக்கு முந்திய பத்தாண்டில் அந்த 2000 என்ற எண் 30க்கும் 40க்கும் இடையில் நின்றது. கிருமிகொல்லி மருந்துகள், மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் பதிவேட்டோடு சேர்ந்து ஒரு ஆளும் வாசலுக்கு வந்ததை நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம்.

மற்ற நோயாளிகளுக்குக் கடதாசி மட்டும்தான். அதையும் குறைத்து மதிப்பிட ஏலாது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது எந்தப் பதிவறையும் கூட நடக்கவில்லை. சொப்பிங் பையில் கிடந்த கிளினிக் கொப்பி மட்டும்தான் நோயாளியோடு போயிருக்கும். எங்கட அம்மம்மாமார் இன்றும் அந்தக் கொப்பியைக் காணி உறுதியோடு சேர்த்து வைப்பதில் காரணம் இருக்கிறது.

ஆனால் அவர்களால் அதை வாசிக்க முடியாது. இது இயற்கையாக வந்த நிலையல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து 60க்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். 1860களில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் உண்டாக்கினார். படித்தவர் ஊருக்குத் திரும்பி, ஊராக்களின் மொழியில் வைத்தியம் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் 1870இல் கொழும்பில் ஆங்கில மருத்துவப் பள்ளி தொடங்கியது. கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். கொழும்பின் வழிதான் நிலைத்தது. அதனால்தான் இன்றைக்கும் நாங்கள் அம்மம்மாவின் காட்டைக் கூகிளில் தட்டித் தேடி, 'இது பிரஷர் குளிசை, இது கொலஸ்ரோலுக்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற நோயாளிகளுக்கும் வாசல்வரை வரலாம் என்பது ஒருமுறை தெரியவந்தது. 2020 ஏப்ரல் ஊரடங்கில் கிளினிக் நாட்கள் நின்றபோது, மாதாந்த மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். விடிய நாலு மணிக்கு பஸ் ஏறி, வரிசையில் நின்று வாங்குகிற அதே குளிசை, சைக்கிளில் வந்தது. அதற்கு எந்த ஊர், எந்த ஒழுங்கை, எந்தத் தொலைபேசி இலக்கம் என்று ஆஸ்பத்திரி கேட்கவேண்டியிருந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் வரிசை திரும்பிவந்தது.

வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கப் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவி இருக்கிறது. மிட்வைவ்மாரோடு ஒப்பிட்டால் அவர்கள் மிகக் கொஞ்சப் பேர். மிட்வைவின் தலையில் இதையும் ஏற்றுங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை, அவர்களுக்கு இருக்கிற வேலையே போதும். ஆனால் இப்படி ஒரு வீட்டை யோசித்துப் பாருங்கோ. பிறந்து எட்டு நாளான பிள்ளையை நிறுக்க மிஸ் வருகிறார். விறாந்தையில், போன கிழமை பாரிசவாதத்துக்குத் துண்டு வெட்டின அப்பப்பா கதிரையில் இருக்கிறார். மிஸ் அவரிடம் சுகம் விசாரிப்பார், காலைத் தூக்கச் சொல்லியும் பார்ப்பார். அவரிடம் இருக்கிற பதிவேட்டில் அப்பப்பாவுக்கு ஒரு நிரல் இல்லை.