பட்டாவில் இல்லாத பெயர்: கனடாவின் பிரெய்ரி பண்ணைப் பெண்கள்

பிரெய்ரி என்றதும் பள்ளிப் புவியியல் பாடம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஸ்டெப்பி, பாம்பாஸ், வெல்டு என்ற வரிசையில் வட அமெரிக்காவின் புல்வெளி. "உலகின் கோதுமைக் களஞ்சியம்" என்று ஒரு வரி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தக் களஞ்சியத்தை நிரப்ப ஆணுக்குச் சமமாக உழைத்த பெண்களின் பெயர் பெரும்பாலான பட்டாக்களில் இல்லை என்பது மட்டும் பாடத்தில் வராது. அதற்குப் பின்னால் சுமார் நூறு வருடச் சண்டை ஒன்று இருக்கிறது.

10 டாலருக்கு 160 ஏக்கர்

கனடாவின் பிரெய்ரி என்பது மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாகாணங்கள். அது ஆளில்லாத நிலம் அல்ல. கிரீ, பிளாக்ஃபுட் போன்ற பூர்வகுடி மக்கள் காட்டெருமையை நம்பி வாழ்ந்த மண். 1870-களில் அரசு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் மூலம் அவர்கள் சிறிய ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். மிச்ச நிலம் குடியேறிகளுக்காக அளக்கப்பட்டது.

1872-ம் ஆண்டின் நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர் கிடைக்கும். மூன்று வருடம் அங்கே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், புல்தரையை உழுது பயிர் செய்ய வேண்டும். இதையெல்லாம் முடித்தால் நிலம் சொந்தம்.

யார் கேட்கலாம்? வயது வந்த எந்த ஆணும் கேட்கலாம். பெண் என்றால் தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவராக இருக்க வேண்டும். நடைமுறையில் அது குழந்தைகள் உள்ள விதவைகளைத்தான் குறித்தது. பக்கத்து நாடான அமெரிக்காவில் 1862 சட்டப்படி திருமணமாகாத பெண்ணும் நிலம் கேட்க முடிந்தது. கனடாவில் அது முடியவில்லை. மனைவி என்பவள் கணவனின் பட்டாவுக்கு உழைக்கும் கை. அவ்வளவுதான்!

அவள் செய்த வேலை

மரமே இல்லாத சமவெளியில் முதல் வீடு பெரும்பாலும் மண் வீடு. வேரோடு வெட்டி எடுத்த புல்தரைக் கட்டிகளைச் செங்கல் போல அடுக்கிக் கட்டியது. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி வரை போகும். விறகுக்கு வழியில்லாத இடங்களில் காய்ந்த மாட்டுச் சாணம்தான் அடுப்பெரித்தது. நம் ஊர் வரட்டியேதான்!

தண்ணீர் இறைத்துச் சுமப்பது, ரொட்டி சுடுவது, கொழுப்பைக் காய்ச்சி சோப்பு செய்வது, துணி தைப்பது, மாவு மூட்டைத் துணியைப் பிரித்துக் குழந்தைகளுக்குச் சட்டை ஆக்குவது எல்லாம் அவள் வேலை. ஆறு மாதக் குளிருக்குத் தேவையான காய்கறிகளைத் தோட்டத்தில் விளைவித்து, கண்ணாடி ஜாடிகளில் பதப்படுத்தி வைப்பதும் அவளே. இதற்கு நடுவே பிள்ளைப்பேறு வேறு. டாக்டர் எங்கோ தூரத்து ரயில் நிலைய ஊரில் இருப்பார். பிரசவம் பார்க்க வருவது பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைப் பெண்தான்.

அறுவடை முடிந்ததும் கதிரடிக்கும் இயந்திரத்தோடு ஒரு கூட்டம் பண்ணை பண்ணையாகப் போகும். பதினைந்து, இருபது ஆட்கள் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் விடியுமுன் காலை உணவு, மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை வயலுக்கே பலகாரமும் காபியும். மழை பிடித்துக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும், ஆட்களின் பசி நிற்காது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் சமையல் உண்டு.

பணம்? கோதுமை விற்ற பணம் கணவனுடையது. அது விதை, இயந்திரம், கடன் என்று போய்விடும். முட்டையும் பாலேடும் வெண்ணெயும் மனைவியின் கணக்கு. அவற்றைக் கடையில் கொடுத்துச் சர்க்கரை, காபி, துணி வாங்குவாள். விளைச்சல் பொய்த்த வருடங்களில் பல குடும்பங்கள் சாப்பிட்டது இந்த "முட்டைப் பணத்தில்"தான். 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் கோதுமை விலை வீழ்ச்சியும் சேர்ந்து வந்தபோது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஒரே கையெழுத்தில் போகும் வீடு

பழைய ஆங்கிலச் சட்டத்தில், கணவனின் நிலத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கின் மீது வாழ்நாள் உரிமை இருந்தது. நிலம் வாங்குவதும் விற்பதும் சுலபமாக இருக்க வேண்டும் என்று அந்த உரிமை இந்தப் பகுதியில் 1880-களில் நீக்கப்பட்டது. அதன் பிறகு கணவன் நினைத்தால் மனைவியிடம் சொல்லாமலே பண்ணையை விற்கலாம், அடகு வைக்கலாம். இருபது வருடம் உழைத்தவள் ஒரே நாளில் வீதிக்கு வரலாம்.

திருமணமாகாத பெண்ணின் நிலையும் கஷ்டம்தான். ஜார்ஜினா பின்னி-கிளார்க் என்ற ஆங்கிலேயப் பெண் 1905-ல் சஸ்காச்சுவானில் 320 ஏக்கர் பண்ணை ஒன்றை 5,000 டாலருக்கு வாங்கினார். ஆணாக இருந்திருந்தால் அதில் பாதியளவு நிலம் 10 டாலருக்கே கிடைத்திருக்கும். பெண்களுக்கும் நிலம் கொடுங்கள் என்று அவர் ஒட்டாவா வரை போய்க் கேட்டார். 1913-ல் பதினோராயிரத்துக்கும் அதிகமான கையெழுத்துகளோடு ஒரு மனுவும் போனது. அரசு அசையவில்லை. 1930-ல் நிலங்கள் மாகாணங்களின் கைக்குப் போகும் வரை மத்திய அரசின் சட்டம் இந்த விஷயத்தில் மாறவே இல்லை.

ஆனால் பண்ணைப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சஸ்காச்சுவானில் வயலட் மெக்நாட்டன் போன்றவர்கள் 1914-வாக்கில் தானிய விவசாயிகள் சங்கத்துக்குள் பெண்கள் பிரிவை அமைத்தார்கள். கிராமத்துக்கு டாக்டரும் நர்சும் மருத்துவமனையும் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. 1916-ல் பல ஊர்கள் கூட்டாகச் சேர்ந்து மருத்துவமனை நடத்த வழி செய்யும் சட்டம் அங்கே வந்தது. அதே 1916-ல் மூன்று பிரெய்ரி மாகாணங்களும் பெண்களுக்கு மாகாணத் தேர்தல்களில் வாக்குரிமை தந்தன. கனடாவில் இதை முதலில் செய்தவை இவைதான்.

குடியிருக்கும் நிலத்தை மனைவியின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்ற பாதுகாப்பும் சஸ்காச்சுவானில் 1915-லும், ஆல்பர்ட்டாவில் 1917-லும், மானிட்டோபாவில் 1918-லும் வந்தது. ஆனால் இது விற்பனையைத் தடுக்கும் உரிமை மட்டுமே. "இதில் என் பங்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஐரீன் மர்டாக் வழக்கு

அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஐரீன் மர்டாக். 1943-ல் திருமணம். முதலில் கணவனும் மனைவியும் மற்றவர்களின் மாட்டுப் பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்தார்கள். பிறகு சொந்தமாகச் சிறிய நிலம், அதை விற்றுப் பெரிய நிலம் என்று வளர்ந்தார்கள். வருடத்தில் சுமார் ஐந்து மாதம் கணவர் வெளிவேலைக்குப் போய்விடுவார். அப்போது வைக்கோல் வெட்டுவது, டிராக்டரும் லாரியும் ஓட்டுவது, மாடுகளை ஓட்டிச் செல்வது, அவற்றுக்குத் தடுப்பூசியும் சூட்டுக்குறியும் போடுவது எல்லாம் ஐரீன்தான். பத்திரம் மட்டும் கணவர் பெயரில்.

1968-ல் இருவரும் பிரிந்தார்கள். நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட ஐரீன் மறுத்திருந்தார். இருபத்தைந்து வருட உழைப்புக்குப் பாதிப் பங்கு வேண்டும் என்று வழக்குத் தொடர்ந்தார். விசாரணை நீதிபதி சொன்ன காரணம் பின்னாளில் நாடு முழுக்கப் பேசப்பட்டது: இது எந்தப் பண்ணை மனைவியும் செய்கிற வேலைதானே!

1973 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் ஐரீனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் போரா லாஸ்கின் ஒருவரே. இவ்வளவு உடலுழைப்பு கொடுத்தவருக்குப் பங்கு மறுப்பது நியாயமல்ல என்பது அவர் வாதம். அதே ஆண்டு டிசம்பரில் அவர் தலைமை நீதிபதி ஆனார்.

ஐரீன் தோற்றார். ஆனால் தீர்ப்பைப் படித்த லட்சக்கணக்கான பெண்களுக்குத் தங்கள் நிலை என்ன என்பது அன்றுதான் உறைத்தது. எல்லாப் பண்ணை மனைவிகளும் இதைச் செய்கிறார்கள் என்றால், எல்லோருக்குமே பங்கு இல்லை என்றுதானே அர்த்தம்? போராட்டம் பரவியது. ஆல்பர்ட்டா 1978-ல் புதிய திருமணச் சொத்துச் சட்டம் இயற்றியது. மற்ற பல மாகாணங்களும் அதே காலத்தில் சட்டத்தைத் திருத்தின. மண வாழ்க்கையில் சேர்த்த சொத்து இருவருக்கும் உரியது என்ற கொள்கை நிலைபெற்றது.

கணக்கில் வந்த நாள்

கனடாவின் வேளாண் கணக்கெடுப்புப் படிவத்தில் 1991 வரை ஒரு பண்ணைக்கு ஒரே ஒரு விவசாயியின் பெயருக்குத்தான் இடம் இருந்தது. அந்த இடத்தில் பெரும்பாலும் யார் பெயர் எழுதப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. 1991-ல் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை எழுத அனுமதித்ததும், விவசாயிகளில் நான்கில் ஒருவர் பெண் என்று தெரியவந்தது. 2021 கணக்கெடுப்பில் அது 30 சதவீதத்தைத் தொட்டது.

அந்தப் பெண்கள் 1991-ல் திடீரென்று வயலுக்கு வந்தவர்கள் அல்ல. மண் வீட்டில் வரட்டி எரித்த காலத்திலிருந்தே அங்கேதான் இருந்தார்கள். படிவத்தில் இன்னொரு கோடு போட அரசுக்குத்தான் அவ்வளவு காலம் ஆனது.